ஒரு சாணும் இரண்டு விரலும்

என் மனைவியின் அண்ணனுக்குத் தொழிலில் வைத்த பெயர் 'உள்ளங்கை'. பழைய மரத்தரைகளைத் தேய்த்துப் புதுசாக்குவதுதான் எங்கள் இருவருக்கும் பிழைப்பு. சின்னச் சின்ன மரத்துண்டுகளை மீன்முள் போல அடுக்கிய தரை என்றால் அவருக்கு உயிர். தேய்க்கும் மெஷினை இறக்கும் முன் முட்டி போட்டு அறை முழுக்கத் தடவிப் பார்ப்பார்.

"என்ன மச்சான், தரைக்கு ஜுரமா?" என்பேன்.

"உன் வாய்க்குத்தான் மாப்ள ஜுரம்," என்பார். அவர் சொன்னது எவ்வளவு சரி என்று பிறகு தெரிந்தது.

டாக்டரம்மா வீட்டுக் கூடத்தில் வாசல் பக்கம் அவருக்கு, ஜன்னல் பக்கம் எனக்கு என்று பிரித்துக்கொண்டோம். உப்புத்தாள் மாட்டிய உருளை சுற்றும்போது மெஷின் ஒரே இடத்தில் நிற்கக் கூடாது. நின்றால் அந்த இடத்தைத் தின்றுவிடும். கற்றுக்குட்டிக்கும் தெரிந்த சங்கதி இது. அன்று மச்சான் மாடியறையில் இருந்தார். என் போன் அடித்தது. எடுக்கக்கூட இல்லை, யாரென்று பார்த்தேன், அவ்வளவுதான். குழி விழுந்துவிட்டது. சுற்றிலும் கொஞ்சம் தேய்த்துச் சமாளித்து, மேலே வார்னிஷ் அடித்து மூடினேன்.

காய்ந்த மறுநாள் மாலை, ஜன்னல் வெயில் சாய்வாக விழுந்ததும் குழி பல்லிளித்தது.

"இது யார் பண்ண வேலை?" என்று டாக்டரம்மா கேட்டார்.

அடுத்து அவர் நடத்தும் கல்லூரியின் நூலகத் தரை எங்களுக்கு வருவதாக இருந்தது. மச்சான் ஆறு மாதமாக அதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார். ஒருநாள் போய்த் தடவியும் பார்த்துவிட்டு வந்திருந்தார். எல்லாம் எனக்கு ஞாபகம் இருந்தது. இருந்தும் வாய் முந்திக்கொண்டது.

"அந்தப் பக்கம் மச்சான் பாத்ததுங்க."

"அப்போ லைப்ரரிக்கு நீங்க மட்டும் வாங்க. மொதல்ல அவரைக் கூப்பிடுங்க."

மச்சான் மாடியிலிருந்து இறங்கி வந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு முட்டி போட்டார். அவர் மெஷினின் உருளை சரியாக ஒரு சாண் அகலம். என்னுடையது ஒரு சாணும் இரண்டு விரலும். குழியின் குறுக்கே கையை விரித்து வைத்தார். மிச்சமிருந்த இடத்தில் இரண்டு விரல்களை வைத்தார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் தேவலை.

"ஆமாங்கம்மா, என் தப்புதான். சரி பண்ணிடறேன்," என்றார்.

மறுநாள், அலமாரிக்கு அடியில் யார் கண்ணும் படாத இடத்திலிருந்து, அதே வயது மரத்துண்டுகள் பதினொன்றைப் பெயர்த்து எடுத்துக் குழி இருந்த இடத்தில் பதித்தார். நான் பசை டப்பாவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"மச்சான்..." என்று ஆரம்பித்தேன்.

"லைப்ரரிக்குப் போறப்ப போனை வெளியில வச்சிட்டுப் போ மாப்ள," என்றார், தலை தூக்காமல்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனால், மனைவி முகம் வாடி உட்கார்ந்திருந்தாள்.

"அண்ணன் வந்துட்டுப் போனாரு. கை முன்ன மாதிரி இல்லையாம். பெரிய வேலையெல்லாம் இனிமே மாப்ளயே பாக்கட்டும்னு சொல்றாரு. நெஜமாங்க? நீங்கதான கூடவே இருக்கீங்க?"

அப்போதாவது சொல்லியிருக்கலாம். கேட்டவள் அவர் தங்கை.

"வயசாகுதில்ல," என்றேன்.