சனிக்கிழமை கட்டிய தூண்டில்

போன வாரம் தோழி ஒருத்தி செல்போனுக்கு ஒரு விளம்பரம் அனுப்பினாள். ஏதோ குளிர்நாட்டு ஆறு. இடுப்பளவு தண்ணீரில் ஒருவர் நின்று சால்மன் மீனைத் தூக்கிக் காட்டுகிறார், பக்கத்தில் வழிகாட்டி சிரிக்கிறார். அதன் கீழே அவள், "நம்ம பக்கம் இப்படி எதுவும் இருக்காடி? வர்ற ஞாயித்துக்கெழம போவோம், நீதான் ஏற்பாடு பண்ணணும்" என்று எழுதியிருந்தாள்.

என் கண்ணில் மீன் படவில்லை. அந்த ஆள் மார்பு வரை போட்டிருந்த ரப்பர் கால்சட்டைதான் பட்டது. அதைப் பற்றி நான் ஒரு காலத்தில் காரங்காடு என்கிற கடலோரக் கிராமத்துக்குப் போன் போட்டு விசாரித்திருக்கிறேன்.

அப்போது ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு சின்ன டிராவல்ஸில் வேலை. என் முதல் வேலை. மாடிப்படிக்குக் கீழே என் மேசை. பக்கத்து டீக்கடை வடை எண்ணெய் வாசனை துப்பட்டாவில் ஏறி என்னோடு வீட்டுக்கு வரும். ராமேஸ்வரத்துக்குக் கார், தனுஷ்கோடிக்கு வேன், இவ்வளவுதான் எங்கள் தொழில். அதில் ஒரு நாள் கனடாவிலிருந்து ஒரு பெரியவர் மெயில் அனுப்பினார். மதுரைக்காரர், முப்பது வருஷமாக அங்கே. ஒவ்வொரு கோடை முடிவிலும் ஆற்றில் இறங்கி சால்மனும் ட்ரௌட்டும் பிடிப்பாராம். இப்போது கை நடுங்குகிறது. ஆற்றில் இறங்கக் கூடாது என்று மகன் தூண்டில் கம்பை ஒளித்து வைத்துவிட்டான். வருஷத்துக்கு வருஷம் நடுக்கம் கூடுகிறது, இந்த ஆவணியில் ஊருக்கு வரும்போது கடைசியாக ஒரு மீனைத் தன் கையால் இழுத்துப் பார்க்க வேண்டும், ஏற்பாடு செய்ய முடியுமா என்று கேட்டிருந்தார். மாதிரிக்குத் தன்னுடைய பழைய பயணத் திட்டம் ஒன்றையும் இணைத்திருந்தார்.

நான் நயினார்கோவில் பக்கத்து விவசாய வீட்டுப் பெண். எங்களுக்கு ஆறு என்றால் மணல், மீன் என்றால் சைக்கிளில் வருவது. ஆனால் 'தெரியாது' என்று சொல்கிற வயசா அது? அவருடைய திட்டத்தையே பார்த்து எழுதினேன். காலை ஆறு மணிக்குப் படகு, பத்துக்குச் சிற்றுண்டி, நடுவே ரப்பர் கால்சட்டை. பிரிண்ட் எடுத்து முதலாளியிடம் காட்டியபோது எனக்கே என் மேல் மரியாதை வந்தது. பிறகுதான் படகுக்காரரைத் தேடினேன். காரங்காட்டில் சவரி அண்ணன் கிடைத்தார்.

கால்சட்டை விஷயத்தைக் கேட்டதும் போனிலேயே சிரித்தார். "இங்கன இடுப்பு வரைக்கும் சேத்துல நின்னா மீனு நம்மளப் புடிச்சிரும் தங்கச்சி. படகுல உக்காந்து கைத்தூண்டி போடுவோம். என்னைக்கு வாரீக?"

"ஞாயித்துக்கெழமண்ணே. திங்கக்கெழம அவருக்கு பிளைட்டு."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டது என்று நினைத்தேன்.

"ஞாயித்துக்கெழம நாங்க தொழிலுக்குப் போறதில்ல தங்கச்சி."

ஒரு மணி நேரத் தொலைவில் இத்தனை வருஷம் இருந்திருக்கிறேன், அந்தக் கிறிஸ்தவக் கரையில் ஞாயிற்றுக்கிழமை யாரும் மீன் பிடிக்க மாட்டார்கள் என்பது எனக்குத் தெரியாது. மணி மணியாகத் திட்டம் போட்டவளுக்குக் கிழமை தோன்றவில்லை. பெரியவரின் கையைப் பற்றிச் சொன்னேன். அழுகையும் கொஞ்சம் வந்தது, வேலை போய்விடும் என்ற பயமும் அதில் கலந்திருந்தது. மறுநாள் சவரி அண்ணனே கூப்பிட்டார். "ஆள ஏத்திட்டுப் போறதுல தப்பில்ல. தூண்டி எல்லாத்தையும் சனிக்கெழமயே கட்டி வச்சிர்றேன். எரைக்கு எறாலும் அன்னைக்கே புடிச்சு உசுரோட போட்டு வச்சிர்றேன். ஞாயித்துக்கெழம நான் எதயும் தொட மாட்டேன், பாத்துக்கங்க."

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து, வெள்ளைச் சட்டையோடேயே படகை எடுத்தார். அலையாத்திக் காட்டைத் தாண்டி வாய்க்கால் கடலில் சேரும் இடத்தில் நிறுத்தினார். பெரியவர் விரல்களுக்கு இறால் அடங்கவில்லை. சவரி அண்ணன் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மிச்சம் இருந்தது நான்தான். "வாலுப் பக்கம் குத்துங்க தங்கச்சி. அதுக்கு வலிக்குமான்னு பாக்காதீக."

வெயில் ஏறிய பிறகு ஒரு கொடுவா மீன் கடித்தது. தூண்டிலின் தங்கூஸ் நரம்பு பெரியவர் கையிலிருந்து நழுவ, நான் பாய்ந்து பிடித்தேன். என் ஆள்காட்டி விரல் அறுபட்டு ரத்தம் வந்தது. அவர் முன்னால், நான் பின்னால், இழுத்தோம். மீன் படகோரம் வந்து வெள்ளையாய்ப் புரண்டது. "கைவலய எடுங்க" என்றார் சவரி அண்ணன். எடுக்கத் திரும்பியவள் நரம்பை விட்டுவிட்டேன். ஒற்றைக் கையாலாவது பிடித்திருக்க வேண்டும். நரம்பு தொய்ந்தது, மீன் தலையை உதறியது, போய்விட்டது. சவரி அண்ணனின் வலது கை பாதி தூரம் நீண்டு நின்றது. அதைப் பிறகு மெதுவாக மடக்கிக்கொண்டார்.

எனக்கு அன்றைக்கு வந்த வெட்கம் அதற்கப்புறம் எதிலும் வரவில்லை. பெரியவர்தான் கைக்குட்டையை நீட்டினார். "விரலக் கட்டுங்கம்மா. என் கைல வந்து இழுத்துச்சுல்ல, போதும்" என்றார். அதற்கப்புறம் மீன் கடிக்கவேயில்லை.

திங்கட்கிழமை மதியம் சவரி அண்ணன் ஐஸ் பெட்டியோடு பஸ் ஏறி ஆபீசுக்கு வந்துவிட்டார். விடியற்காலை அதே இடத்துக்குப் போய் ஒரு கொடுவாவைப் பிடித்திருக்கிறார். பெரியவர் அதற்குள் விமானம் ஏறிவிட்டார். போட்டோ எடுத்து அனுப்பினேன். இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது: "இது அது இல்லை. அது இதைவிடப் பெரிது." போனில் படித்துக் காட்டியபோது சவரி அண்ணன் சிரிக்கவில்லை. "பெருசுதான். நானும் பாத்தேன்ல" என்றார்.

அடுத்த ஆவணிக்குள் பெரியவர் தவறிவிட்டதாக மகன் எழுதினார். டிராவல்ஸ் இருந்த இடத்தில் இன்றைக்கு செல்போன் கடை. விரலில் இருந்த தழும்பைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

தோழிக்காக நேற்று சவரி அண்ணன் எண்ணுக்குப் போட்டேன். அந்த எண் உபயோகத்தில் இல்லை என்றது ஒரு குரல். பிறகு செல்போனிலேயே தேடினேன். வேறு யாரோ படகு விடுகிறார்கள், மீன் பிடிக்கவும் கூட்டிப்போகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை முதல் மாலை வரை எல்லா நேரமும் காலியாக இருந்தது, ஒரு தொடுதலில் முடிந்துவிடும். எதிர்ப்பக்கம் மௌனமாக இருக்க அதில் யாரும் இல்லை.

தோழியிடம் லீவு போடச் சொல்லிவிட்டு, சனிக்கிழமைக்குப் பதிவு செய்தேன்.