வீட்டாளுக்கு ஒரு பூட்டு

கெட்டுப்போன கம்ப்யூட்டரைச் சரி பண்ணுவது சுலபம். நன்றாக ஓடுகிற கம்ப்யூட்டரில் ஒரே வீட்டு ஆட்களை ஒருத்தர் ஃபைல் ஒருத்தர் கண்ணில் படாமல் பிரித்து வைப்பதுதான் இந்தத் தொழிலிலேயே பொல்லாத வேலை. புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் பதினேழு வருஷமாக சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். நீங்களும் ஸ்க்ரூ டிரைவரும் பென் டிரைவுமாக வீடு வீடாக ஏறி இறங்குகிற ஆள் என்றால், இங்கே சொல்லப்போவதில் பாதி உங்களுக்கும் நடந்திருக்கும். மீதிப் பாதி நடக்காமல் இருக்கட்டும்.

திருமயத்துத் தாள்

திருமயத்தில் ஒரு வீடு. ரிட்டையர்டான அப்பா, கல்யாணமாகாத இரண்டு மகன்கள், மூன்று பேருக்கும் ஒரே கம்ப்யூட்டர். பழைய மாடல், ஆன் பண்ணிவிட்டுக் குளித்துவிட்டு வந்தால் நேரம் சரியாக இருக்கும். அண்ணன் வைத்த ஃபைலைத் தம்பி அழிக்கிறான், தம்பியின் போட்டோவை அண்ணன் எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்புகிறான் என்று தினமும் ரகளை. ஆளுக்கு ஒரு யூசர், ஆளுக்கு ஒரு பாஸ்வேர்டு போட்டேன். ஒருத்தர் ஃபோல்டரை இன்னொருத்தர் திறக்க முடியாது. ஒரு மத்தியானம் முழுக்க அதற்கே போனது.

அடுத்த மாதம் கீபோர்டு மாற்றப் போனேன். மானிட்டரின் மேல் ஓரத்தில், சாமி படத்துக்குப் பக்கத்தில், மூன்று பேர் பாஸ்வேர்டையும் கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டியிருந்தது. ஒட்டியவர் அப்பா. என் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு அவர் நிதானமாகச் சொன்னார்: "பூட்டு வெளியாளுக்குத்தானே தம்பி. வீட்டுக்குள்ள ஒருத்தருக்கொருத்தர் மறைக்கிறதுக்கு என்ன கெடக்கு?"

என் பைக் நம்பர்

பாஸ்வேர்டை ஒட்டி வைக்கிறவர்கள் ஒரு ரகம் என்றால், மறந்துவிட்டு நம் தலையில் விடிகிறவர்கள் இன்னொரு ரகம். ஒரு வீட்டில் பாஸ்வேர்டு மறந்து, வேறு வழியில்லாமல் எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகப் போட்டேன். அதோடு அவர்கள் பிள்ளையின் காதுகுத்து போட்டோக்களும் போயின. அந்த அம்மா பஸ் ஸ்டாண்டில் என்னைப் பார்த்தால் இன்றைக்கும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

அதிலிருந்து ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். எந்த வீட்டு கம்ப்யூட்டரைத் தொட்டாலும் 'சர்வீஸ்' என்று எனக்கும் ஒரு யூசர் போட்டுவிடுவேன். எல்லா யூசருக்கும் மேலே அதற்குத்தான் அதிகாரம். யாருடைய பூட்டையும் அது திறக்கும். பாஸ்வேர்டு எல்லா வீட்டிலும் ஒன்றே, என் பைக் நம்பர். ஐம்பது வயதில் வீட்டுக்கு ஒன்றாக நினைவு வைத்துக்கொள்ள எனக்கு என்ன தலையெழுத்து? இதை நான் பெருமையாகத்தான் சொன்னேன், பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிற ஆவூர் அந்தோணியிடம். அவன் மெஷினிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "வீட்டுக்காரங்களுக்குத் தெரியுமாண்ணே, நீங்க ஒரு சாவி வச்சிருக்கீங்கன்னு?"

சுமதி கேட்ட இடம்

திருக்கோகர்ணத்தில் பாஸ்கர் என்று ஒரு வாடிக்கையாளர். பெயிண்ட் கடை வைத்திருப்பவர், மெதுவாகப் பேசுகிற மனிதர். அவர் வீட்டு கம்ப்யூட்டர் அவர் மனைவி சுமதிக்கு அப்பா வீட்டுச் சீராக பீரோ, கட்டிலோடு வந்தது. அதில் பாஸ்கர் கடை பில் போடுவார், சுமதி பக்கத்துப் பள்ளிக்கூடங்களுக்குக் கேள்வித்தாள் டைப் அடித்துக் கொடுப்பாள். ஒருநாள் அவர் கடைக்குப் போயிருந்த நேரம் கம்ப்யூட்டருக்குள் இருக்கிற ஃபேனைத் துடைக்கப் போனேன். சுமதி தயங்கித் தயங்கி, தன் ஃபைலை வேறு யாரும் திறக்காதபடி செய்ய முடியுமா என்று கேட்டாள்.

வேறு யாரும் என்றால் அந்த வீட்டில் இருந்தது பாஸ்கரும் எட்டு வயது மகளும்தான். நான் ஒன்றும் கேட்கவில்லை, அவளாகத்தான் சொன்னாள். பி.எஸ்சி. பி.எட். முடித்தவள். கல்யாணத்துக்குப் பிறகு வேலை வேண்டாம் என்றுவிட்டார்கள். சித்தப்பா மகள் கல்யாணம் என்று சொல்லிவிட்டுத் திருச்சிக்குப் போனவள், அங்கே ஒரு தனியார் பள்ளியில் இன்டர்வியூவும் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். வேலை கிடைத்தால் தங்க வீடு தருவார்கள், மகளுக்கும் அங்கேயே படிப்பு. அவர்கள் மெயில் எல்லாம் இந்த கம்ப்யூட்டருக்குத்தான் வரும், ஏனென்றால் அவள் கையில் இருப்பது பட்டன் ஃபோன்.

அவளுக்குத் தனி யூசர் போட்டேன். பாஸ்கரின் யூசருக்கு இருந்த மேல் அதிகாரத்தை எடுத்துவிட்டேன். கேட்டால் வைரஸ் வராமல் இருக்க என்று சொல்லிக்கொள்ளலாம். வழக்கம்போல் 'சர்வீஸ்' யூசரும் போட்டேன். அதை அவளிடம் சொல்லவில்லை, சொல்ல வேண்டும் என்றே தோன்றவில்லை. அவள் மெயில் பாஸ்வேர்டை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி அரிசி டப்பாவுக்குள் வைத்திருந்தாள். "அதைக் கிழிச்சுப் போடும்மா, இந்த ஃபோல்டருக்குள்ளயே டைப் பண்ணி வச்சுக்க. இதைவிடப் பத்திரமான இடம் இந்த வீட்டுல கிடையாது" என்று நான்தான் சொன்னேன். சொல்லிவிட்டு, தெரியாத்தனமாக, அவர் கை நீட்டுவாரா என்றும் கேட்டுவிட்டேன். அவள் சிரித்தாள். "அடிக்கல்லாம் மாட்டாருண்ணே. கேட்டுக்கிட்டே இருப்பாரு. எங்க போன, யாருகிட்ட பேசுன, ஏன் சிரிச்சன்னு கேட்டுக்கிட்டே இருப்பாரு."

நார்த்தாமலைக்கு வந்த ஃபோன்

ஆறு வாரம் இருக்கும். நார்த்தாமலையில் ஒரு வீட்டில் கம்ப்யூட்டரைப் பிரித்துப் போட்டுவிட்டு, கையெல்லாம் தூசியோடு உட்கார்ந்திருந்தேன். பாஸ்கர் கூப்பிட்டார். கடை பில்லுக்குப் புது பிரிண்டர் வாங்கியிருக்கிறார், போடப் போனால் என்னவோ பாஸ்வேர்டு கேட்கிறதாம். "நான் சாயங்காலம் வாரேன்" என்றேன். சாயங்காலத்துக்குள் பில் கொடுத்தாக வேண்டும் என்றார்.

நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? பத்துப் பதினைந்து கிலோமீட்டர் வெயிலில் வண்டியை ஓட்டிக்கொண்டு போயிருப்பீர்களா? நான் தோளுக்கும் காதுக்கும் நடுவே ஃபோனை இடுக்கிக்கொண்டு என் பைக் நம்பரைச் சொன்னேன். இரண்டு நிமிஷத்தில் பிரிண்டர் ஓடிவிட்டது. அந்தப் பழைய விண்டோஸில், இன்னொருத்தர் ஃபோல்டரைத் திறக்கப் போனாலும் இதே பாஸ்வேர்டைத்தான் கேட்கும், கொடுத்துவிட்டால் உள்ளே விட்டுவிடும். அது எனக்குத் தெரியாதா என்ன? தூசியைத் தட்டிக்கொண்டிருந்த அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை, அவ்வளவுதான். பாஸ்கர் ரொம்ப மரியாதையாக ஃபோனை வைத்தார். "தேங்க்ஸ்ண்ணே. இனிமே இதுக்கெல்லாம் ஒங்கள அலைய விடமாட்டேன்."

மத்தியான பஸ்

இரண்டு வாரம் கழித்து ஒரு திங்கட்கிழமை மத்தியானம் சுமதி என் கடைக்கு வந்தாள். ஒரு டிராவல் பேக், ஒரு கட்டைப் பை, ஸ்கூல் பையோடு மகள். திருச்சி பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக வந்திருக்கிறாள். அன்றைக்கு அந்தப் பள்ளியில் சேர வேண்டிய நாள். மெயிலில் வந்த ஆர்டரை அந்தோணி கடையில் பிரிண்ட் எடுத்து வைத்திருந்தாள். காலையில் பாஸ்கர் கடைக்குக் கிளம்பிய பிறகு, அடுப்படியில் ஒரு கடிதம் எழுதி வைத்துவிட்டுப் புறப்பட்டிருக்கிறாள். பள்ளி ஆபீஸில், "நீங்கதான் வரலைன்னு எழுதிட்டீங்களேம்மா, அந்த இடத்துக்கு வேற ஆள் போட்டாச்சு" என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

என் கம்ப்யூட்டரில் அவள் மெயிலைத் திறந்தாள். வந்த மெயில்களில் ஒன்றும் இல்லை. அனுப்பியதில் இருந்தது. குடும்பச் சூழ்நிலை காரணமாகப் பணியில் சேர இயலவில்லை, மன்னிக்கவும் என்று நாலே வரி, கீழே அவள் பெயர், படிப்போடு. தேதியைப் பார்த்தேன். பிரிண்டர் போட்டதற்கு மறுநாள். அவள் திரையையே பார்த்துக்கொண்டு, யாரிடம் என்றில்லாமல் கேட்டாள்: "நான் அனுப்பாத மெயிலு என் பேருல எப்படிண்ணே போகும்?"

மறுநாள்

எப்படிப் போகும் என்று அங்கேயே சொல்லிவிட்டேன். 'சர்வீஸ்' யூசர், பைக் நம்பர், நார்த்தாமலை ஃபோன், ஃபோல்டருக்குள் வைக்கச் சொன்ன அவள் மெயில் பாஸ்வேர்டு, எல்லாவற்றையும். என் மேல் கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன், திட்டினால் தேவலை என்றிருந்தது. அவள் மகளுக்குத் தண்ணீர் வாங்கிக் கொடுத்துவிட்டு, பைகளை எடுத்துக்கொண்டு திருக்கோகர்ணம் டவுன் பஸ்ஸில் ஏறினாள். அந்தக் கடிதம் அடுப்படியில் இருக்கிறதே என்று எனக்கு அப்புறம்தான் உறைத்தது. மத்தியானச் சாப்பாட்டுக்கு பாஸ்கர் வீட்டுக்குத்தான் வருவார்.

மறுநாள் காலையில் கூப்பிடாமலே அந்த வீட்டுக்குப் போனேன். பாஸ்கர் கடைக்குப் போகாமல் வீட்டில் இருந்தார். "வாங்கண்ணே" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். என் யூசரை எடுத்துவிட வந்தேன் என்றேன். தாராளமாக எடுங்கள் என்றார். அதற்கு மேல் எனக்குப் பொறுக்கவில்லை. அடுத்தவர் மெயிலைத் திறந்து, அவர் பெயரில் எழுதி அனுப்புவது தப்பில்லையா என்று கேட்டேவிட்டேன். அவர் குரலை உயர்த்தவே இல்லை. "அடுத்தவங்க யாருண்ணே இங்க? எம் பொண்டாட்டிதானே."

அவர் யாருடனோ ஃபோன் பேச வாசலுக்குப் போனார். சுமதி காபி கொண்டுவந்து வைத்தாள். கண் வீங்கியிருந்தது, ராத்திரி முழுக்க அந்தக் கேள்விகள் நடந்திருக்கும். நான் குரலைத் தாழ்த்திக்கொண்டு, என் யூசரை அழிப்பதற்கு முன்னால் மேல் அதிகாரத்தை அவள் பெயருக்கே மாற்றித் தருகிறேன், இனிமேல் யாராலும் திறக்க முடியாது என்று சொன்னேன். மனப்பூர்வமாகத்தான் சொன்னேன். அவள் வாசல் பக்கம் ஒரு தடவை பார்த்தாள். பிறகு என் கையிலிருந்த மவுஸை வாங்கி, தன் யூசரை அவளே அழித்தாள். நிச்சயமாகவா என்று கம்ப்யூட்டர் கேட்டதற்கும் ஆமாம் என்று அழுத்தினாள்.

"வேணாம்ணே. பூட்டுனதாலதான் உள்ள என்னமோ இருக்குன்னு அவருக்குத் தெரிஞ்சுது. இனிமே எல்லாத்தையும் தொறந்தே போட்டு வைக்கிறேன், மறைச்சு வைக்க ஒன்னும் இல்ல."

அந்த வீட்டு கம்ப்யூட்டரில் இப்போது பாஸ்கரின் யூசர் ஒன்றுதான், பாஸ்வேர்டும் கிடையாது, இதுவரை ஒரு புகாரும் வந்ததில்லை. வாடிக்கையாளருக்கு முழுத் திருப்தி என்று இந்தத் தொழிலில் இதைத்தான் சொல்கிறோம்.