கராஜுக்குள் இருந்து வந்த பதில்

இதைச் சொன்னால் எல்லோரும் என் களைப்பைத்தான் காரணம் காட்டுகிறார்கள். களைத்துத்தான் போயிருந்தேன், மறுக்கவில்லை. ஆனால் இங்கிலாந்தில், பர்ன்லி ஊரில் முப்பது வருஷமாக பஸ் ஓட்டுகிறேன். தூக்கம் எது, விழிப்பு எது என்று எனக்குத் தெரியும். அன்று நான் கேட்டது கேட்டதுதான்.

என் பெயர் ஹேசல். பைக் ஓட்டுகிறவர்களுக்கு மனசு சரியில்லாமல் போனால் போய் உட்கார்ந்து பேச எங்கள் பக்கத்தில் ஒரு தொண்டர் குழு இருக்கிறது. நானும் அதில் ஒருத்தி. பெரிய வித்தை ஒன்றும் இல்லை. ஒரு ஃபிளாஸ்க் டீ, இரண்டு காது, அவ்வளவுதான். அந்த வருஷம், நாங்கள் போய்ப் பேசிவந்தவர்களில் இரண்டு பேரை அடக்கம் செய்திருந்தோம். இனிமேல் யார் கதையையும் கேட்க எனக்குள் இடம் இல்லை, விட்டுவிடலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வெளியே யாரிடமும் சொல்லவில்லை.

நவம்பர் மாதம். பிரெண்டா கென்யன் என்ற பெண் போன் செய்தாள். அவள் கணவன் நெவிலை பைக்காரர்கள் கூடும் டீக்கடையில் இரண்டு மூன்று முறை பார்த்திருக்கிறேன்.

"மூணு வாரமா பகலெல்லாம் கராஜே கதின்னு கிடக்கிறாரு, ஹேசல். தட்டினா 'நல்லாத்தான் இருக்கேன், போ'ங்கிறாரு. நான் வேலைக்குக் கிளம்பணும். நீங்க ஒரு தடவை வந்து பேசுங்களேன்."

ஷிஃப்ட் முடித்துவிட்டுப் போனேன். வீட்டுக்குப் பின்னால் ஒரு சந்து, அதில் கராஜ். இரும்புக் கதவு இறக்கியிருந்தது. தட்டினேன்.

"நெவில், நான் ஹேசல்."

"தெரியும்."

ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தேன். உள்ளே மெல்லிய சத்தம்.

டிக்... டிக்... டிக்...

பைக் ஓட்டுகிறவர்களுக்கு இந்தச் சத்தம் தெரியும். ஓடி நின்ற எஞ்சின் சூடு ஆறும் சத்தம். ஒரு சுற்றுப் போய் வந்திருக்கிறான் போல, நல்லதுதான் என்று நினைத்தேன்.

அவன் நன்றாகவே பேசினான். தூக்கம் இல்லை என்றான். வண்டி மேல் உட்கார்ந்திருந்தால் மட்டும் கொஞ்சம் நிம்மதி என்றான். நூறு தடவை கேட்ட பேச்சு. இப்படிப்பட்ட இடத்தில் சுற்றி வளைக்காமல் கேட்டுவிட வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். கேட்டேன்.

"செத்துப்போகணும்னு தோணுதா, நெவில்?"



"எனக்கா?" என்றான். பிறகு சிரித்தான்.

அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

இருட்ட ஆரம்பித்தது, தூறலும் பிடித்துக்கொண்டது. அப்போதுதான் கவனித்தேன். எஞ்சின் ஆற ஆற அந்தச் சத்தம் இடைவெளி விட்டு, பிறகு நின்றுவிடும். இது குறையவே இல்லை.

கதவடியைப் பார்த்தேன். ஈர இலைகள் கனமாக ஒட்டிக் கிடந்தன. கலையாமல். அந்தக் கதவைப் பல நாளாக யாரும் திறக்கவில்லை.

டிக்... டிக்...

"உனக்கும் அலுத்துப்போச்சுல்ல?" குரல் இப்போது கதவுக்கு மிக அருகில் இருந்தது. தாழ்வாக. என் முகத்துக்கு நேரே.



"ரெண்டு பேரைப் புதைச்சாச்சு. போதும்னு இருக்குல்ல? உள்ள வா. இடம் இருக்கு."

எனக்குப் பயம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. போய் உட்கார்ந்தால் என்ன என்று தோன்றியது. அவ்வளவு களைப்பு...

எழுந்தேன்.

கதவின் பிடியில் கை வைத்தேன்.

இரும்பு வெதுவெதுப்பாக இருந்தது.

"ஹேசல்?"

பின்னால் இருந்து வந்த குரல்.

திரும்பினேன். மழையில் நனைந்து, கையில் நூலகப் பையோடு சந்தில் நின்றுகொண்டிருந்தான் நெவில்.

என் கையைப் பார்த்தான். கதவைப் பார்த்தான்.

"உங்களுக்கும் கேக்குதா?" என்றான்.

தலையாட்டினேன். அங்கேயே, ஈரத்தில் உட்கார்ந்து அழுதான். மூன்று வாரமாக அவன் அந்தக் கராஜுக்குள் காலே வைக்கவில்லையாம். பகலெல்லாம் நூலகத்தில் இருந்துவிட்டு பிரெண்டா வருவதற்குள் வீடு திரும்புவானாம். லீவு நாட்களிலும் அவளுக்குத் தெரியாமல் பின்வாசல் வழியாகப் போய்விடுவான். தனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்து யாரிடமும் வாய் திறக்கவில்லை. பிரெண்டா தட்டும்போதெல்லாம் பதில் சொன்னது அவன் இல்லை.

இரண்டு பேருமாகக் கதவைத் தூக்கினோம். சத்தம் நின்றது.

உள்ளே ஸ்டாண்டில் ஒரு பழைய பைக். ஏலத்தில் மலிவாக எடுத்தது, யாருடையது என்று அவனுக்குத் தெரியாது. எஞ்சின் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. அது ஒரு மாதம் முன்பே போல்டனுக்கு ரிப்பேருக்குப் போய்விட்டதாம்.

சீட் அமுங்கியிருந்தது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே... மெல்ல மேலே எழும்பியது.

அதன்பிறகு நெவில் தேறினான். அன்றிரவே பிரெண்டாவிடம் எல்லாவற்றையும் சொன்னான். டாக்டரிடமும் போனான். மாத்திரையா, பேச்சா, ஒருத்தி நம்பினாள் என்பதா, எது உதவியது என்று தெரியவில்லை. இப்போது எங்கள் குழுவில் அவனும் டீ ஊற்றுகிறான். நானும் விட்டுப்போகவில்லை. பைக்கைப் பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் ஒருவரிடம் தள்ளிவிட்டோம்.

போன மாதம், ஒரே வாரத்தில், வெளியூர்களிலிருந்து மூன்று பெண்கள் எங்கள் குழுவின் நம்பரைத் தேடிப்பிடித்துப் போன் செய்தார்கள். மூன்று பேரும் சொன்னது ஒன்றுதான். கணவன் கராஜை விட்டு வெளியே வருவதில்லை.

பிரித்து விற்றவரைக் கூப்பிட்டு விசாரித்தேன். பெட்ரோல் டேங்க் ஹல் ஊருக்குப் போயிருந்தது. சீட் கார்லைலுக்கு. முன்சக்கரம் ஸ்வான்சீக்கு. அந்தப் பெண்களும் அதே மூன்று ஊர்க்காரர்கள்தான்.

ஹல் பெண்ணுக்குத்தான் முதலில் போன் செய்தேன். நெவில் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். இப்போதுதான் கதவு வழியாகக் கணவனிடம் பேசிவிட்டு வந்ததாகச் சொன்னாள். நல்லாத்தான் இருக்கேன், போ என்றானாம்.

வீடு முழுக்க ஒருமுறை பார்த்துவிட்டு வரச் சொன்னேன்.

படியேறும் சத்தம் கேட்டது. ஒரு கதவு திறந்தது. 

"இங்க..." குரலைத் தாழ்த்தினாள். "இங்க கட்டில்ல தூங்கிட்டு இருக்காரு."