ரேடியம் பிரிண்ட் போட்ட ராஜகுமாரி

துணியில் அடித்த பிரிண்ட் காயும்போது ஒரு மண்ணெண்ணெய் வாசம் வரும். திருப்பூரில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். எத்தனை சோப்புப் போட்டாலும் போகாது. இரண்டாயிரங்களின் கடைசியில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் ஆர்டர்களைக் கவனிக்கிற மெர்ச்சண்டைசருக்கு அசிஸ்டெண்டாக இருந்தேன். டிபன் பாக்ஸைத் திறந்தால் தயிர் சாதத்திலும் அந்த வாசம்தான்...

அப்போது குழந்தைகள் டீ-சர்ட் ஆர்டர் ஒன்று வந்தது. ஏதோ ஒரு வீடியோ கேமை வைத்து டிசைன். படம் பிசகாமல் வர வேண்டும் என்று, ஆர்டர் கொடுத்த வெளிநாட்டுப் பையர் அந்த கேம் சிடியையே அனுப்பியிருந்தார்.

கேட்க வேண்டுமா? லஞ்ச் டைம் ஆனால் டிசைனர் செந்திலின் கம்ப்யூட்டரைச் சுற்றிக் கூட்டம். தோற்கும்போதெல்லாம் செந்தில் கீபோர்டைத்தான் திட்டுவான். கேமில் ஒரு வீரன் பாலம் தாண்டி, பூதத்தை வெட்டி, கோட்டைக்குப் போக வேண்டும். அங்கே கம்பி ஜன்னலைப் பிடித்துக்கொண்டு ஒரு ராஜகுமாரி நிற்பாள். ஆட்டம் முழுக்க நின்றுகொண்டே இருப்பாள்.

பிரிண்டிங் டேபிளில் ஈரத் துணியை எடுத்து விரிக்கிற ஹெல்பர் இசக்கியும் ஒருநாள் எட்டிப் பார்த்தாள். திருநெல்வேலிப் பக்கத்துப் பெண். என்னைவிட இரண்டு வயது சின்னவள், என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள்.

"அந்தப் புள்ளைக்கு அங்க என்ன சோலிண்ணே?" என்று செந்திலிடம் கேட்டாள்.

"ஒரு வேலையும் இல்லீங்க அம்மிணி. சும்மா நிக்கும். நாம போயி கூட்டியாரோணும்."

"கூட்டிட்டு வந்து?"

"அவ்ளோதானுங்க. கேம் முடிஞ்சுது."

இசக்கி சிரிக்கவில்லை. திரையையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போய்விட்டாள்.

ஆர்டரும் அப்படியே. பையன்கள் சைஸுக்குக் கத்தியோடு வீரன். பெண் பிள்ளைகள் சைஸுக்கு ஜன்னலும் ராஜகுமாரியும். அவளுடைய இரண்டு கைகளுக்கு மட்டும் ரேடியம் பிரிண்ட். வெளிச்சத்தில் வெறும் வெள்ளை, இருட்டில் பச்சையாக மின்னும். பெண் பிள்ளைக்கும் ஒரு கத்தி கொடுத்தால் என்ன என்று மேனேஜரிடம் கேட்டேன். "பையர் அனுப்புனதப் போடுங்க, நாம கதை எழுத வேண்டாமுங்க" என்றார்.

அடித்த பீஸ்களைக் கொடியில் தொங்கவிட்டுக் காய வைக்க ஒரு ரூம் உண்டு. தூசி வரக்கூடாது என்று ஜன்னலே வைக்காத ரூம். ஒரு மத்தியானம் சாம்பிளுக்கு ஒரு பீஸ் எடுக்க உள்ளே போனேன். கதவு தானாகச் சாத்திக்கொண்டது. கரண்ட் போனது.

அந்த நாட்களில் கரண்ட் போவது ஒன்றும் புதிதில்லை. ஆனால் அந்த ரூமுக்குள் அப்படி நான் நின்றதில்லை... சுற்றிலும் கைகள். என் நெஞ்சு உயரத்துக்கு, வரிசை வரிசையாகப் பச்சைக் கைகள். முகம் இல்லை, உடம்பு இல்லை. ஃபேன் ஓடிய வேகத்தில் எல்லாம் மெல்ல ஆடிக்கொண்டிருந்தன. ஃபேன் நிற்க நிற்க, அவையும் ஒவ்வொன்றாக அசையாமல் நின்றன.

இரண்டு மட்டும் நிற்கவில்லை.

அவை தரையோரமாக இருந்தன. மெதுவாக என் பக்கம் நீண்டன. நான் கதவுப் பக்கம் பின்வாங்கினேன். கத்தக்கூட வரவில்லை.

"அக்கா... நான்தான். இசக்கி."

டேபிளில் வேலை பார்த்த கை. அந்த ரேடியம் பேஸ்ட் அவள் கையிலும் காய்ந்து ஒட்டியிருந்தது.

"எங்க தாய்மாமா வந்திருக்காவ. கூட்டிட்டுப் போயி தாலி கெட்டப் போறாவ. எனக்கு வேண்டாம்க்கா. நான் இங்க இருக்கேன்னு சொல்லிராதீங்க."

அதற்குள் கதவு திறந்தது. வெளிச்சத்தில் வாட்ச்மேன் ஐயா. கரண்ட் போனால் அந்த ரூமைப் பூட்டிவிடுவது வழக்கம், பீஸ் காணாமல் போகும் என்று.

"உள்ள வேற யாராச்சும் இருக்காங்களா கண்ணு?"

"இல்லீங்கய்யா. நான் மட்டும்தானுங்க."

அவர் பூட்டினார்.  ஒருத்தியை இருட்டில் வைத்துப் பூட்டிவிட்டு நான் வெயிலில் நிற்கிறேன்...

கேட்டில் அவள் மாமா நின்றிருந்தார். பார்க்கப் பூதம் மாதிரியெல்லாம் இல்லை. எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை, கையில் ஒரு பை நிறைய கருப்பட்டி மிட்டாய். குரல்கூட அவ்வளவு சாந்தம்.

"எங்க அக்கா மவதாம்மா. இந்த ஊரு பொம்பளப் புள்ளைக்கு ஆவாது. அவள மீட்டுட்டுப் போவத்தான் வந்திருக்கேன்."

"அவகிட்ட சொல்லீட்டீங்களாங்க?"

"அவகிட்ட என்னத்தச் சொல்ல?" என்றார். நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார். எனக்கு இருட்டு ரூமில் வராத நடுக்கம் அப்போது வந்தது.

நான் கண் காட்ட, வாட்ச்மேன் ஐயாவும் நானுமாக, இசக்கி இன்றைக்கு வேலைக்கு வரவில்லை என்று சொன்னோம். எனக்கும் ஒரு மிட்டாய் கொடுத்துவிட்டு, வெயில் தாழ்ந்ததும் பஸ் ஏறினார்.

கரண்ட் வந்ததும் ஓடிப்போய்த் திறக்கச் சொன்னேன். அழுதுகொண்டிருப்பாள் என்று நினைத்தேன். கொடிக்கு நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கீழே விழுந்த பீஸ்களை மடித்துக்கொண்டிருந்தாள்.

"பயமா இல்லையா இசக்கி?"

"வெளிய நிக்கும்போதுதான் பயமா இருந்துச்சுக்கா. உள்ள நாங்க இத்தன பேரு இருந்தோம்லா" என்று கொடியில் தொங்கிய ராஜகுமாரிகளைக் காட்டினாள்.

அடுத்த வாரமே அவள் வேறு கம்பெனிக்கு மாறிக்கொண்டாள். மாமா மறுபடி வந்தபோது, அவள் இங்கே இல்லை என்று வாட்ச்மேன் ஐயா மனசாட்சியோடு சொன்னார். இன்றைக்கு மங்கலம் பக்கம் பத்து தையல் மெஷின் போட்டு, தனக்குப் பிடித்தவரைக் கட்டிக்கொண்டு நன்றாக இருக்கிறாள்.

போன வாரம் என் மகள் செல்போனில் ஒரு கேம் ஆடிக்கொண்டிருந்தாள். இப்போதெல்லாம் பெண்களும் கத்தி தூக்குகிறார்கள், சந்தோஷம். ஒரு குகையில் அடைபட்டிருந்த பெண்ணிடம் போய், 'என்னோடு வருகிறாயா' என்று கேட்டு, பதிலுக்குக் காத்திருந்தாள். அப்படிக் கேட்க அதில் ஒரு பட்டனே இருக்கிறதாம். செந்திலின் சிடியில் அப்படி ஒன்று இருந்ததாக ஞாபகமே இல்லை.

உடனே இசக்கிக்குப் போன் போட்டுச் சொன்னேன். கேட்டுச் சிரித்தாள். அப்புறம் மெஷின் சத்தத்தை விட்டுத் தள்ளி வந்து குரலைத் தாழ்த்தினாள்.

"அக்கா, யாருகிட்டயும் சொன்னதில்ல. எனக்கு இன்னைக்கும் கரண்ட் போனாத்தான், அந்த ரூம்ல இருந்த மாதிரி ஒரு நிம்மதி. என்ன செய்ய... இப்பல்லாம் போவவே மாட்டேங்கு."