இரண்டாம் முழுக்குக்கு இணங்காதவள்

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் அந்தப் பெண்மணிக்கு ஊர் வைத்த பெயர் பிரேக்கக்கா. அவளைவிட மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். பயிற்சி வண்டியில் கற்றுக்கொடுப்பவரின் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும் அல்லவா, அதை மிதித்து மிதித்து அவளுடைய வலது கால் செருப்பு மட்டும் சீக்கிரமே தேய்ந்துபோகும். அந்தக் கால் பேருந்தில்கூட சும்மா இருக்காது. ஓட்டுநர் கொஞ்சம் வேகமெடுத்தால் தரையை மிதிக்கும். தான் அவசரமாகச் சாப்பிட்டால்கூட இவள் கால் அழுந்துகிறது என்று அவள் கணவர் கேலி செய்வார்.

அவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். சிறுநீரகம் கெட்டுப் படுக்கையில் விழுந்தபோது மகள் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். டயர் கடைக்கு மேல் மாடியில் கூடும் அவர்கள் சபை மொத்தமும் அவருக்காக உபவாசம் இருந்தது. எழுந்து நடப்பார் என்று போதகர் மேடையிலேயே சொன்னார். மனிதர் எழுந்திருக்கவில்லை. அடக்கம் முடிந்த பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை, பாட்டு நடந்துகொண்டிருக்கும்போதே பிரேக்கக்கா எழுந்து நின்று, "நாம எல்லாரும் சுவத்தோட பேசிட்டு இருக்கோம், அங்க யாருமே இல்ல" என்று சொல்லிவிட்டு மாடிப்படி இறங்கினாள். அதற்கப்புறம் சில வருடங்கள் அந்தப் படியில் அவள் கால் வைக்கவே இல்லை.

அந்த வருடங்களில் இன்னொன்றும் நடந்தது. வண்டி உதிரி பாகங்கள் விற்கிற ஒரு ஆளோடு அவள் கொஞ்ச காலம் பழகினாள். அவனுக்கு வேறு ஊரில் குடும்பம் இருந்தது, அதுவும் அவளுக்குத் தெரியும். பிறகு அவளே அதை முடித்துக்கொண்டாள். ஊருக்குத் தெரியும், சபைக்குத் தெரியும், மகளுக்கும் தெரியும். அவளும் யாரிடமும் மறைக்கவில்லை.

திரும்பி வந்தது எப்படி என்று கேட்டால் அவளுக்கே சரியாகச் சொல்ல வராது. கனவும் இல்லை, குரலும் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளை சபையில் விட வந்தவள், வண்டியைத் திருப்பாமல் நிறுத்திவிட்டு அவள் பின்னாலேயே ஏறிப் போய் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள். அவ்வளவுதான். பிரசங்கம் வேகமெடுத்தபோது அவள் கால் தரையை அழுத்தியதாம்.

அங்கேதான் வம்பு ஆரம்பித்தது. விசுவாசத்தை விட்டுப் பின்மாறிப் போனவர்கள் திரும்பி வந்தால் மறுபடியும் தண்ணீரில் முழுகி ஞானஸ்நானம் எடுக்க வேண்டும் என்பது அந்தச் சபையின் வழக்கம். போனவனுடைய இரட்சிப்பும் போய்விட்டது, புதிதாக ஆரம்பிக்க வேண்டும் என்பார் போதகர். சபையில் ஒரு பெயின்டர் இருந்தார். குடிப்பார், அழுவார், முழுகுவார், மறுபடி குடிப்பார். எத்தனை முறை முழுகினோம் என்று அவருக்கே கணக்கில்லை. சாதாரணமாகக் குளிக்கிறாரோ இல்லையோ, ஞானஸ்நானத் தொட்டியில் முழுகிவிடுவார் என்று சபைக்குள்ளேயே சிரிப்பார்கள். முழுகாதவர்களுக்குத் திருவிருந்தில் அப்பமும் இல்லை, திராட்சை ரசமும் இல்லை. கடைசி பெஞ்ச் மட்டும் உண்டு.

பிரேக்கக்கா கடைசி பெஞ்சிலேயே இருந்தாள். அப்பத் தட்டு அவளைத் தாண்டிப் போகும், அவள் தாண்டிப் போகிற தட்டைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அது வலித்தது. ஆனாலும் முழுக மாட்டேன் என்றாள்.

இப்படியே ஓடியிருக்கும், மகள் ஞானஸ்நானம் கேட்காமல் இருந்திருந்தால். அந்தச் சபையில் முழுகுகிறவரை இரண்டு பேர் பிடிப்பார்கள். வலது பக்கம் போதகர், இடது பக்கம் வளர்த்தவர். இரண்டு பேரும் சேர்ந்து சாய்த்து, சேர்ந்து தூக்க வேண்டும். அப்பா இல்லாத பெண் அவள். இடது பக்கம் அம்மாதான் நிற்க வேண்டும் என்று சின்ன வயதிலிருந்தே சொல்லி வந்தவள்.

ஒரு மத்தியான வேளையில் போதகர் பயிற்சிப் பள்ளிக்கே வந்தார். பள்ளி என்றால் ஒரே அறை. சாலைக் குறியீடுகள் அச்சடித்த பெரிய தாளுக்குக் கீழே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"பிள்ளை ரொம்ப ஆசைப்படுது, நீங்க இடது பக்கம் நிக்கணும்னு. எனக்கும் ஆசைதான். வர்ற ஞாயிறு முதல்ல நீங்க முழுகிடுங்க, அப்புறம் பிள்ளையப் பிடிங்க. ரெண்டும் ஒரே நாள்ல முடிஞ்சிடும்."

"நான் ஏற்கெனவே முழுகினவ ஐயா. நீங்கதான் முக்கினீங்க."

"அது போயிடுச்சும்மா."

"எங்க போச்சு?"

போதகர் பெருமூச்சு விட்டார். "விசுவாசத்த விட்டீங்க. யாருமே இல்லன்னு சபை நடுவுல நின்னு சொன்னீங்க. அப்புறம் அந்த ஆளு விஷயம். இத்தனைக்கும் அப்புறம் பழைய இரட்சிப்பு அப்படியே பத்திரமா இருக்கும்னு நான் எந்த வாயால சொல்றது?"

"விட்டேன். இல்லன்னு சொன்னேனா? அந்த ஆளோட பழகினதும் பாவம்தான். அழுதேன், மன்னிப்பு கேட்டேன். சபை முன்னாடி நின்னு சொல்லச் சொல்லுங்க, சொல்றேன். ஆனா மறுபடி முழுகினா என்ன அர்த்தம்? நடுவுல இருந்த வருஷமெல்லாம் நான் ஆண்டவருக்கு யாரோன்னு அர்த்தம். அதுக்கு மட்டும் ஒத்துக்க மாட்டேன்."

"யாருமில்லன்னு சொன்னது நீங்கதானே?"

"நான் சொன்னேன். அவரு சொன்னாரா?"

அவள் திமிராகப் பேசுகிறாள் என்றுதான் போதகருக்குத் தோன்றியது. திமிர் இல்லாமலும் இல்லை. ஆனால் அதற்கு அடியில் என்ன இருந்தது என்பதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. சபையை விட்டு இறங்கிய புதிதில், தினமும் காலையில் வண்டியின் முன்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே ஆண்டவரை வாய்க்கு வந்தபடி திட்டுவாள். இல்லாத ஆளை எதற்குத் திட்டுகிறோம் என்று அவளுக்கே சிரிப்பு வரும். பிறகு திட்டுவதும் நின்றுபோனது. கோபம் இல்லை, ஏக்கம் இல்லை, உள்ளே ஒன்றுமே இல்லை. கண்ணாடியைத் துடைத்தாள், பாடம் நடத்தினாள், சோறு பொங்கினாள், படுத்தாள். அவள் வாழ்க்கையிலேயே பயங்கரமான காலம் அதுதான். இப்போது அதைப் போதகரிடம் சொன்னாள்.

"அப்ப எங்கிட்ட பிடிப்புன்னு ஒண்ணுமே இல்ல ஐயா. ஒரு விரல்கூட நான் பிடிச்சிருக்கல. ஆனா விழுந்து நொறுங்காம இங்க உக்காந்து உங்ககிட்ட பேசிட்டு இருக்கேன். அப்ப பிடிச்சிருந்தது யாரு? மறுபடி முழுகினா, யாரும் பிடிக்கலன்னு நானே சொன்ன மாதிரி ஆயிடும். சாப்பாடு போட்டவங்கள, போடலன்னு சொல்ற மாதிரி அது."

போதகர் கெட்டிக்காரர். மேலே இருந்த தாளை ஒரு பார்வை பார்த்தார். "உங்க தொழிலையே வெச்சுக் கேக்கறேன். கத்துக்கிறவங்க தப்பா ஓட்டினா நீங்க பிரேக் போடுவீங்க, சரி. அவங்க கதவத் திறந்து இறங்கிப் போயிட்டா? உங்க பிரேக் என்ன பண்ணும்?"

நல்ல கேள்வி.  அவள் சிரித்துவிட்டாள்.

"இறங்கிப் போயிருக்காங்க ஐயா. மருந்துக்கடைக்கார அம்மா. நாற்சந்தில பெரிய லாரி ஒண்ணு எதிர்ல வந்துச்சு. பயந்துபோயி, நடுரோட்டுல கதவத் திறந்துட்டு நடக்க ஆரம்பிச்சிட்டாங்க."

"நீங்க என்ன பண்ணீங்க?"

"வண்டிய அப்படியே போட்டுட்டு பின்னாடியே ஓடினேன். போலீஸ்காரர் விசில் அடிக்கிறார், பின்னாடி ஒரே ஹாரன். கையப் பிடிச்சு ஓரமா உக்கார வெச்சேன். அப்புறம் அபராதமும் கட்டினேன்."

"அந்தம்மா உங்க கையத் தட்டிவிட்டுட்டு ஓடியிருந்தா?"

"நானும் ஓடியிருப்பேன். ஆனா எனக்கு மூச்சு வாங்கும், ஒரு இடத்துல நின்னிருப்பேன்தான். ஆண்டவருக்கு மூச்சு வாங்குமா ஐயா?"

  போதகர் வேறு ஆள் மாதிரி தணிந்த குரலில் பேசினார்.

"எங்கண்ணன் எனக்கு முன்னாடியே ஞானஸ்நானம் எடுத்தவன். ஒருதரம் ஆண்டவர் பிடிச்சா பிடிச்சதுதான்டா, ஒண்ணும் ஆகாதுன்னு சொல்லிட்டே குடிச்சான். சொல்லிட்டே பொண்டாட்டிய அடிச்சான். ஒருநாள் ரோட்டோரத்துல செத்துக் கிடந்தான். ஒண்ணும் ஆகாதுன்னு அவன்கிட்ட சொல்லிக்கொடுத்தவங்க யாரும் தூக்க வரல. நான்தான் தூக்கினேன். அதனாலதாம்மா, அந்த வார்த்தைய நான் யாருக்கும் கொடுக்கறதில்ல. பயம் இருக்கட்டும். பயம் இருந்தா உயிரோட இருப்பாங்க."

 இத்தனை வருடமாகக் கண்டிப்பு என்று பிரேக்கக்கா நினைத்திருந்தது ஒரு தம்பியின் துக்கம். ஒரு தம்ளர் தண்ணீர் எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

"உங்கண்ணன் இப்ப எங்க இருக்கார்னு உங்களுக்குத் தெரியுமா ஐயா?"

"தெரியாது."

"எனக்கும் தெரியாது. ஆனா அவர கடைசியாத் தூக்கினது நீங்க மட்டும்தான்னு நான் நம்ப மாட்டேன்."

அவர் தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்தார். மனது இளகியிருந்தது, முடிவு இளகவில்லை. "இடது பக்கம் உங்க நாத்தனார் நிக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நாத்தனாருக்கு அந்தப் பெருமையில் விருப்பம் இருந்தாலும், நியாயம் பேசாமல் விடுகிற ஆள் இல்லை. அன்று சாயங்காலமே வீட்டுக்கு வந்துவிட்டாள்.

"ஒரு முங்குதானே அண்ணி. தண்ணிதானே, ஆசிட்டா? பிள்ளைக்காகக் கண்ண மூடிட்டு முங்கி எந்திரிங்களேன். உள்ள நீங்க என்ன நெனச்சீங்கன்னு யாரு பாக்கப் போறா?"

"பாக்கறவர் பாப்பாரு" என்றாள் பிரேக்கக்கா.

ஆனால் அந்த வார்த்தை அவளைக் குடைந்தது. லைசென்ஸ் சோதனை நடக்கும் மைதானத்தில், கற்றுக்கொள்பவர்கள் எட்டு போட்டுக்கொண்டிருக்கும்போது, அவள் நிழலில் நின்று யோசித்தாள். ஒரு முங்கு. தட்டு அவள் கைக்கு வரும். மகளின் தோள் அவள் கையில் இருக்கும். எவ்வளவு எளிது. உள்ளே ஒன்றுமே இல்லாமல் கண்ணாடி துடைத்த அந்தக் காலைகளையும் நினைத்துப் பார்த்தாள். அந்த நாட்களில் தன்னைக் கைவிடாத ஆண்டவரை இந்த ஒரு நாளில் தான் கைவிடுவதா? முடியாது. வீட்டுக்குப் போய் மகளிடம், "அத்தை பிடிக்கட்டும், நான் பெஞ்சுலேந்து பாக்கறேன்" என்றாள். வெள்ளை அங்கியை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த மகள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "சரிம்மா" என்றாள். அந்தச் சரியில் ஏதோ இருந்தது. பெற்றவளுக்கு அது தெரியாமல் போனதுதான் வேடிக்கை.

ஞாயிற்றுக்கிழமை மேடைப் பலகைகளைத் தூக்கி, அடியில் இருந்த சிமென்ட் தொட்டியைத் திறந்தார்கள். கீழே கடையிலிருந்து ரப்பர் வாசனை வந்துகொண்டிருந்தது. போதகர் தண்ணீரில் இடுப்பளவு நின்றார். நாத்தனார் இடது பக்கம் இறங்கினாள். மகள் நடுவில் நின்றாள். கடைசி பெஞ்சில் பிரேக்கக்காவின் வலது கால் தரையை ஓங்கி அழுத்திக்கொண்டிருந்தது.

வழக்கமாகக் கேட்கும் கேள்வியைப் போதகர் கேட்டார். "கடைசி மூச்சு வரைக்கும் ஆண்டவர விட மாட்டேன்னு சபை முன்னாடி சொல்றியாம்மா?"

விட மாட்டேன் என்று சொல்ல வேண்டும். எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். அந்தப் பெயின்டர் ஒவ்வொரு முறையும் சொல்லியிருக்கிறார்.

"தெரியல ஐயா" என்றாள் மகள்.

பெஞ்சுகளில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் திரும்பிப் பார்த்தார்கள்.

"எங்கம்மா என்னவிட கெட்டியானவங்க. அவங்களே விட்டாங்க. நான் விட மாட்டேன்னு எப்படிச் சத்தியம் பண்றது? அவர் என்னைய விட மாட்டார்னு வேணும்னா சொல்றேன். அது எனக்குத் தெரியும். எங்க வீட்லயே பாத்திருக்கேன்."

 நாத்தனார் அவள் இடது கையைப் பிடிக்கப் போனாள். மகள் அந்தக் கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள்.

"அத்தை, கோவிச்சுக்காதீங்க. இந்தப் பக்கம் அம்மா பிடிக்கட்டும். இல்லன்னா நான் இப்படியே நிக்கிறேன்."

பிரேக்கக்காவின் கால் தரையிலிருந்து தானாக எழும்பியது. அழுகையும் கோபமும் பெருமையுமாகப் பெஞ்சுகளுக்கு நடுவே நடந்தாள். யாரும் தடுக்கவில்லை. பெயின்டர் எழுந்து வழிவிட்டார். தொட்டி ஓரத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு, போட்டிருந்த உடையோடு இறங்கினாள். தண்ணீர் சில்லென்று இருந்தது. நாத்தனார் முணுமுணுத்துக்கொண்டே ஏறிப் போனாள்.

மகள் கையை நீட்டினாள். அம்மா பிடித்தாள்.

போதகர் அவளைப் பார்த்தார். கண்கள் சிவந்திருந்தன. அவர்கள் மூவருக்கு மட்டும் கேட்கிற குரலில், "நான் இன்னும் ஒத்துக்கலம்மா" என்றார்.

"ஒத்துக்க வேண்டாம் ஐயா" என்றாள் பிரேக்கக்கா. "அந்தப் பக்கம் கெட்டியாப் பிடிங்க."

அவர் பிடித்தார்.