நட்ட கல் எங்கே போச்சு?

சர்வேயர் வேலையில் கல் நடுவது சுலபம், நட்ட கல் அடுத்த முறையும் அங்கேயே இருக்கும் என்று நம்புவதுதான் பேராசை. மனை வாங்கிவிட்டு எங்களைத் தேடித் தாலுகா ஆபீசுக்கு நடையாய் நடந்தவர்களுக்கு இது புரியும். நாங்களும் உங்களைப் போல நொந்தவர்கள்தான்.

பட்டா உண்டு, இடம் தெரியாது

முத்தாபுதுப்பேட்டையைத் தாண்டி ஏரிக்கரையில் சில இருளர் குடும்பங்கள் தார்ப்பாய்க் குடிசைகளில் இருந்தன. மனைப் பட்டா கொடுத்துப் பல வருஷம் ஆகியும் யாருடைய மனை எது என்று ஒருத்தரும் அளந்து காட்டவில்லை. மனை தெரிந்தால்தான் அரசாங்க வீடு கிடைக்கும். இல்லாவிட்டால் மழைக்கு மழை தண்ணீர் ஏறும் அந்தக் கரைதான் கதி. கேட்டதும் கிளம்பிப் போனேன்.

அளந்து மூலைக்கு மூலை கல் நட்டேன். அந்தக் குடிசைகளில் ஒன்றில் இருந்துகொண்டு எல்லோருக்காகவும் மனு கொடுத்து அலைந்த கன்னியம்மாவிடம், "கல் போனால் இடமும் போச்சு, பத்திரம்மா" என்றேன்.

"உசுரு போனாலும் கல்லு போவாது சார்."

ஒரு கல்லையும் காணோம்

சில மாதத்தில், பக்கத்தில் லேஅவுட் போட்டவர்கள் கன்னியம்மாவின் மனையையும் சேர்த்து வேலி போட்டுவிட்டதாகத் தகவல் வந்தது. ஓடினேன். ஒரு கல்லும் இல்லை. வந்த ஆத்திரத்தில் லேஅவுட் மேனேஜரை, கல்லைப் பிடுங்கினால் ஜெயில் என்று வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவர் திருதிருவென்று விழித்தார்.

கன்னியம்மா என்னைக் குடிசைக்குள் கூப்பிட்டார். கன்னிமார் சாமிக்குப் பக்கத்தில், மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, நான் நட்ட கல் அத்தனையும் வரிசையாக உட்கார்ந்திருந்தன.

"நீதான சார் பத்திரம்னு சொன்ன. வெளில உட்டா தூக்கினு பூடுவான்னு அல்லாத்தையும் உள்ள கொண்டாந்து வெச்சிட்டோம்."

பச்சை கலர்

மேனேஜருக்கு ஏகக் குஷி. கல்லே இல்லாத இடத்துக்கு எல்லை ஏது சார் என்றார். ஏரித் தண்ணீர் வழியும் கலங்கல் ஓரத்துப் பழைய சர்வே கல்லிலிருந்து திரும்ப அளந்தேன். கன்னியம்மாவின் மனை முழுசாக வேலிக்குள் இருந்தது. மேனேஜர் அசரவில்லை, லேஅவுட் படத்தை விரித்தார். அந்த மனைக்குப் பச்சை அடித்து, ஊஞ்சலும் சறுக்குமரமும் வரைந்து, மனை வாங்க வருகிறவர்களுக்கெல்லாம் காட்டிக்கொண்டிருந்திருக்கிறார். இருபது வருஷ சர்வீஸில் ஆக்கிரமிப்பு நிறையப் பார்த்திருக்கிறேன், ஆனால் இவர் சொன்ன மாதிரி ஒரு காரணத்தைக் கேட்டதில்லை.

"இது பார்க்கு சார். பார்க்குல யார்னா ஊடு கட்டுவாங்களா?"

அசைக்காத கல்

என் ரிப்போர்ட்டைப் பார்த்துத் தாசில்தார் நேரில் வந்து வேலியைப் பிரிக்க வைத்தார். மறுபடி கல் நட்டேன். இந்த முறை உஷாராக, "யார் வந்தாலும் சரி, இதை அசைக்கவே கூடாது" என்று அடித்துச் சொன்னேன். கன்னியம்மாவும் தலையாட்டினார்.

அரசாங்க வீடு எழும்பியதும் பார்க்கப் போனேன். லேஅவுட் பக்கத்து மூலையில் கல் இல்லை. கன்னியம்மா சிரித்துக்கொண்டே கதவைத் திறந்தார். கல் நட்ட இடத்திலேயே நின்றது, அடுப்புக்குப் பக்கத்தில். சுவர்தான் அதைச் சுற்றிக்கொண்டு லேஅவுட்டுக்குள் ஒரு முழம் போயிருந்தது. தலையில் கை வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

"அசைக்கல சார், நீ நட்ட எடத்துலதான் கீது. பத்திரமாவும் கீது."

எல்லைக்கல்லின் அருமை ஒருவழியாக அந்த மேனேஜருக்கும் புரிந்துவிட்டது, தன் இடத்தை அளந்து தரச் சொல்லி மனு கொடுத்துவிட்டு என் ஆபீசுக்கு நடையாய் நடக்கிறார்.