ஜெயராமின் துப்பாக்கிக்கு ஒரு கட்டை

மும்பை மாட்டுங்காவில் வேட்டைத் துப்பாக்கி வைத்திருந்த ஜெயராம் வாழ்நாளில் எதையும் வேட்டையாடியதில்லை. வீட்டில் கரப்பான்பூச்சி வந்தால்கூட முறத்தில் ஏந்தி மாடிப்படி வரை கொண்டுபோய் விடுவார். அலுவலகத்தில் அவருடைய மேலதிகாரியாக இருந்த பார்சி ஒருவர் வெளிநாட்டுக்குக் குடிபோகும்போது அந்தப் பழைய துப்பாக்கியை இவருக்கு விற்றார். கட்டைக்காகத்தான் வாங்கினேன் என்பார் ஜெயராம். தோளில் பதிகிற மரப்பகுதி அது. அக்ரூட் மரம். வலது கன்னத்தைச் சாய்த்துக்கொள்ள இடப்பக்கத்தில் புடைத்திருக்கும். ஞாயிறுதோறும் ரைஃபிள் கிளப்பில் காகித வட்டங்களைச் சுட்டுவிட்டு, வீட்டுக்கு வந்து குளித்துத் தயிர்சாதம் சாப்பிடுவார்.

ஒரே மகள் ஸ்ரீலேகா மெக்கானிக்கல் எஞ்சினியர். செம்பூரில் பம்பு செய்யும் கம்பெனி ஒன்றில் டிசைன் வேலை. இடதுகைக்காரி. பள்ளியில் படிக்கும்போது ஒருமுறை கிளப்புக்குப் போய் அந்தத் துப்பாக்கியை இடத்தோளில் வைத்துப் பார்த்தாள். புடைப்பு எதிர்ப்பக்கம் இருந்தது. கன்னம் நிற்காமல் வழுக்கியது.

"உனக்குன்னு ஒண்ணு பண்ணிக்கலாம்டி" என்றார் அப்பா. பண்ணவில்லை. அவளும் பிறகு கேட்கவில்லை.

போன மழைக்காலத்தில் ஜெயராம் கிளப் படியில் வழுக்கி விழுந்தார். கட்டை குறுக்கே பிளந்துபோயிற்று. "எனக்கு ஒண்ணுமில்லே. அதுக்குத்தான் இடுப்பு போயிடுத்து" என்று சிரித்தார். வேறு கட்டை தேடத் தொடங்கியிருந்தார். அதற்குள் மாரடைப்பு.

சட்டப்படி துப்பாக்கி ஃபோர்ட் பகுதியில் பைசானின் ஆயுதக் கடைக்குக் காவலுக்குப் போயிற்று. லைசென்ஸ் ஸ்ரீலேகாவின் பெயருக்கு மாறியதும் பைசான் பதமாகச் சொன்னார்: இதைச் செய்த கம்பெனியே இப்போது இல்லை, கட்டை கிடைக்காது, சுட முடியாதபடி செய்து சுவரில் மாட்டிக்கொள்ளுங்கள். அம்மா ராஜலக்ஷ்மியும் "ஆணியடிச்சு மாட்டிடு, போறும்" என்றாள்.

சுவரில் ஏற்கெனவே அப்பாவின் போட்டோ இருந்தது. பக்கத்தில் இன்னொன்று வேண்டாம் என்று ஸ்ரீலேகாவுக்குத் தோன்றியது. அப்பா போய் வருஷம் முடிந்து வரும் ஞாயிறன்று அந்தத் துப்பாக்கியால் கிளப்பில் ஒருமுறையாவது சுட வேண்டும். அப்பாவின் நண்பர் ஜம்பு சுடுவதாக ஏற்பாடு.

இணையத்தில் அகப்பட்ட கட்டைகள் எதுவும் பொருந்தவில்லை. மரம் மட்டும் கிடைத்தது. காஷ்மீரிலிருந்து நன்றாக உலர்ந்த அக்ரூட் துண்டு, அதுவும் ஒன்றே ஒன்று. அதை வெட்டத்தான் ஆளில்லை. தச்சர்கள் நாற்காலி என்றால் சொல்லுங்கள் என்றார்கள்.

ஒரு மாலை ஹார்பர் லைன் ரயிலில் தொங்கிக்கொண்டு வரும்போது கல்லூரியில் படித்தது நினைவுக்கு வந்தது. ஒரு மாதிரியைப் பார்த்து அதேபோல மரத்தைக் கடையும் இயந்திரம் துப்பாக்கிக் கட்டைக்காகத்தான் முதலில் உருவானது. பிறகுதான் அது ஷூ ஃபர்மா வெட்டப் போயிற்று. ஃபர்மா என்பது தோலை இழுத்து மாட்டித் தைக்கும் மரக்கால். தாராவியில் ஷூ தைக்கிறார்கள். அப்படியென்றால் ஃபர்மாவும் யாரோ வெட்டத்தானே வேண்டும்?

விசாரித்துக்கொண்டு, ஃபர்மா வெட்டும் அப்துல் ஹாதியின் பட்டறைக்குப் போய்ச் சேர்ந்தாள்.

"துப்பாக்கியா? நமக்கு எதுக்கு மேடம் வம்பு?"

"துப்பாக்கி கடையில இருக்கு பாய். இது வெறும் மரம். லைசென்ஸ் இதோ இருக்கு."

ஃபர்மாவுக்கு உப்புத்தாள் போட்டுக்கொண்டிருந்த அவர் மனைவி சுலைகா தலை நிமிராமல் சொன்னாள்: "வாங்கித்தான் பாருங்களேன். ஊர்க் காலெல்லாம் வெட்டுறீய, ஒரு தோளு வெட்டுனா கொறஞ்சா போயிருவீய?"

ஹாதி சிரித்துவிட்டார். மூன்று ஃபர்மா வரிசையாக வெட்டும் நீள இயந்திரம் அது. கட்டை அதில் அடங்கியது. ஸ்ரீலேகா மாதிரிக்காக உடைந்த கட்டையை ஒட்டி, இரும்பு உட்காரும் குழிகளை மெழுகால் அடைத்துக் கொண்டுவந்திருந்தாள். வெளி வடிவம் இங்கே, உள்ளே குடைவது பைசான் கடையில். நீளம், மையம், வேகம் எல்லாம் இரண்டுமுறை பார்த்துவிட்டு அலுவலகம் போனாள்.

மத்தியானம் ஹாதி போன் செய்தார். "ஒரு தப்பு நடந்துபோச்சு மேடம். நேர்ல வாங்க."

கட்டை அழகாகத்தான் இருந்தது. ஆனால் புடைப்பு வலப்பக்கம் இருந்தது.

ஃபர்மாக்காரர்கள் வலது கால் மாதிரி ஒன்றை வைத்தே இரண்டு காலும் வெட்டுவார்கள். ஒரு பல்சக்கரத்தை மாற்றினால் இயந்திரம் கண்ணாடியில் தெரிவதுபோல இடதை வெட்டும். காலையில் இடது கால்கள் வெட்டிய சக்கரத்தை ஹாதி மாற்ற மறந்திருந்தார். ஸ்ரீலேகாவுக்கும் அதைக் கேட்கத் தோன்றவில்லை.

"எதக் குடுத்தாலும் ஜோடி வெட்டுற கை" என்றாள் சுலைகா. "நல்லவேள, நம்ம நிக்காஹ்ல மாப்பிள்ளையப் பிடிச்சு அந்த மெஷின்ல ஏத்தல; எனக்கு ரெண்டு புருசன் ஆயிருக்கும்."

"நீ சும்மா இருட்டீ." ஹாதியின் முகம் கறுத்திருந்தது. "வேற மரம் கொண்டாங்க மேடம். நான் சும்மாவே வெட்டித் தாரேன்."

"வேற மரம் இல்ல பாய்."

ஸ்ரீலேகா கட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எங்கே எவ்வளவு சீவினால் சரியாகும் என்று கணக்குப் போட்டாள். சரியாகாது. கைப்பழக்கத்தில் அதை இடத்தோளில் வைத்தாள்.

கன்னம் வழுக்கவில்லை. புடைப்பில் சின்னதாக ஒரு பள்ளம் இருந்தது. வருஷக்கணக்காக அப்பாவின் கன்னம் தேய்த்த பள்ளம். அதையும் இயந்திரம் விடாமல் வெட்டியிருந்தது. அவள் கன்னம் அதில் போய் உட்கார்ந்தது. முகவெட்டு அப்படியே அப்பாதான் என்று உறவில் எல்லோரும் சொல்வார்கள். அப்படியே நின்றாள். கண் நிறைந்தது.

"அளவெடுத்தாப்புல இருக்கே!" என்றாள் சுலைகா.

ஸ்ரீலேகா ஜம்புவுக்குப் போன் செய்தாள். "மாமா, அந்தக் கட்டை உங்களுக்குச் சரிப்படாது."

"பின்னே யாரு சுடப்போறா?"

"நான்தான்."

"நேக்கும் தோள்வலிதான், போ" என்றார் ஜம்பு.

பைசானின் ஃபிட்டர் உள்ளே குடைந்து இரும்பைப் பொருத்தினார். ஸ்ரீலேகா கிளப்பில் சேர்ந்து பழகினாள். அந்த ஞாயிறு, ராஜலக்ஷ்மிகூட வந்து காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

முதல் குண்டு கறுப்பு வட்டத்துக்கு வெளியே, வெள்ளையில் பட்டது.

"உங்கப்பாவோட முதல் குண்டு காகிதத்துலேயே படலை, தெரியுமோ?" என்றார் ஜம்பு.

ஸ்ரீலேகா அடுத்த குண்டைப் போட்டு, கன்னத்தைப் பள்ளத்தில் வைத்தாள்.